ஐம்பது வாட் பெட்டியின் ஆயுள்

2015 டிசம்பரில் கடலூர் மாவட்டத்து எஃப்.எம். வரிசையில் புதிதாக ஓர் எண் வந்து சேர்ந்தது: 107.8. அதன் பெயரே பேரிடர் வானொலி. அதற்கு முந்தைய மாதம் 9-ம் தேதி பெய்த மழையில் நெய்வேலியில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் வெள்ளத்தில் உயிர்கள் போயின. டிசம்பர் தொடக்கத்தில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள், குடிதண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் சமுதாய வானொலிக்காரர்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு கடலூரில் ஒரு தற்காலிக நிலையத்தை அமைத்தார்கள். வெள்ளத்துக்காகவே பிறந்த நிலையம் அது.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பம், கடலூருக்கு மேற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம், நடுவில் கரும்புக் கொல்லைகளோடு நாங்கள். சமுதாய வானொலியின் அலை சாதாரணமாக 10 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் தெளிவாகக் கேட்கும். டவர் உயரமும் தரையின் மேடுபள்ளமும் சாதகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, எங்கள் ஊர் அந்த வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. பந்தியில் கடைசி இலைக்காரனைப் போலத்தான் ஓரத்தில் இருப்பவன் பாடும். குறை எதுவானாலும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். இந்தக் கட்டுரையை அந்த ஓரத்திலிருந்து எழுதுகிறேன்.

வானொலியைப் பற்றி எழுதுகிறவர்கள் குரலைப் பற்றி எழுதுகிறார்கள், பாட்டைப் பற்றி எழுதுகிறார்கள். குரலைக் காற்றில் ஏற்றி அனுப்புகிற பெட்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. டிரான்ஸ்மிட்டர் என்றால் பெரிய எந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். சமுதாய வானொலியில் அது ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான். முன்பக்கம் ஒரு சிறிய திரை, நாலைந்து பொத்தான்கள். பின்பக்கம் ஒரு மின்விசிறி, ஒரு கேபிள் மாட்டும் வாய், ஒரு கரண்ட் ஒயர். வெளியே அனுப்பும் சக்தி 50 வாட். அது இழுக்கும் மின்சாரம் வீட்டில் இரண்டு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுக்கு மேல் பெரிதாகப் போகாது. இதற்குள்ளிருந்துதான் ஒரு தாலுகாவுக்குச் செய்தி போகிறது.

இந்தப் பெட்டிக்கு ஒரு வம்சாவளி உண்டு.

1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். மே 16-ம் தேதி கழகம் பிறந்தது, ஜூலை 31-ல் ஒலிபரப்பு. அவர்களிடம் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர், பிறகு அது 200 வாட்டாக வளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய ஆட்களும் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டி, சோதனை ஒலிபரப்பு நடத்தியிருந்தார்கள். கிடைத்ததை வைத்துக் கட்டிய காலம் அது. வால்வுகள் சூடேற நேரம் பிடிக்கும், சூடேறியபின் குணம் மாறும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னைக் கழகத்தை நிறுத்தியது எந்திரக் கோளாறு அல்ல, பணம். 1927-ல் கழகம் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி அதைத் தூசி தட்டி 1930 ஏப்ரல் 1-ம் தேதி முதல் ஒழுங்காக ஒலிபரப்பத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஜனங்களைக் கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தபோது அந்தப் பொறுப்பு அதன் கைக்குப் போனது. ஆர்வலர்கள் கையிலிருந்து மாநகராட்சிக்கும், அங்கிருந்து அரசுக்கும் போன பயணம் இது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: வாங்கிய கருவியைத் தொடர்ந்து ஓட்டுவதற்குக் காசு ஒதுக்காததால் ஊரின் முதல் வானொலி மூன்றே ஆண்டில் வாயடைத்துப் போனது. இன்றைக்கும் நம் சின்ன நிலையங்கள் அதே பள்ளத்தில்தான் காலை விடுகின்றன.

அந்தக் காலத்து ஒலிபரப்பெல்லாம் அலையின் உயரத்தில் குரலை ஏற்றும் முறை. மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கடலூர்க்காரர்களுக்கு அதன் பாடு தெரியும். எங்கோ தொலைவில் மின்னல் வெட்டினாலும் நல்ல பாட்டு நடுவில் ‘படபட’ என்று பொரியும். மின்னலும் மோட்டாரும் அலையின் உயரத்தைத்தான் குலைக்கின்றன என்பதால் குரலை உயரத்தில் வைக்காமல் அதிர்வெண்ணின் அசைவில் வைத்தால் என்ன என்று அமெரிக்காவில் எட்வின் ஆம்ஸ்ட்ராங் யோசித்தார். 1933 டிசம்பர் 26-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வானொலிப் பெட்டி உயரத்தில் வரும் குலைவை வெட்டி எறிந்துவிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொள்ளும். எஃப்.எம். தெளிவாகக் கேட்பதன் காரணம் இவ்வளவுதான். இந்தியாவில் எஃப்.எம். முதலில் ஒலித்ததும் சென்னையில்தான், 1977 ஜூலை 23-ம் தேதி.

அதன்பின் 2004 பிப்ரவரி 1. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த இந்த அனுமதியை 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் விரித்தார்கள். விதி இப்படிப் போகிறது: ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் பயனுறு சக்தி 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும், ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 50 வாட் பெட்டியும் சக்தியைக் கிடைவாக்கில் குவித்து அனுப்பும் ஆன்டெனாவும் சேர்ந்தால் இந்த 100 வந்துவிடும். அதனால்தான் எங்கே போனாலும் ஐம்பது வாட் பெட்டி.

1924-ல் 40 வாட், இன்று 50 வாட். ஏறக்குறைய அதே சக்திதான். மாறியிருப்பது நம்பகம். அன்று ஒரு மாலைப் பொழுது ஓட்டவே ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இன்று காலை ஆறு மணிக்கு ஆன் செய்துவிட்டு அறிவிப்பாளர் டீ குடிக்கப் போகலாம். கண்ணாடி வால்வு இருந்த இடத்தில் விரல் நகம் அகலத்துக்கு எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர் உட்கார்ந்துவிட்டது. படிகக் கட்டுப்பாட்டால் அதிர்வெண் நகர்வதில்லை. பெட்டி தன் சூட்டைத் தானே அளக்கிறது. ஆன்டெனாப் பக்கம் கோளாறு என்றால் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதையும் மீறினால் அணைந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

நல்ல பெட்டிதான். பிறகு ஏன் நிலையங்கள் நாள்கணக்கில் ஊமையாகின்றன?

இதற்கான பதிலை ஒரு கடற்கரை ஊர் நிலையத்தில் நேரில் பார்த்தேன். மூன்று வாரமாகவே ஓரத்துக் கிராமங்களிலிருந்து போன் வந்துகொண்டிருந்ததாம். “கரகரங்குதுங்க, பேச்சு புரியல.” நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மட்டும் கணீரென்று கேட்டிருக்கிறது. அறிவிப்பாளர்களும் பக்கத்துத் தெருக்காரர்கள்தாம். அதனால் அவர்கள் நம்பவில்லை. கடைசியில் ஒரு நாள் முழுவதுமாக நின்றுபோனது. பெட்டி போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று பேச்சு ஓடியது. வந்த டெக்னீஷியன் பெட்டியைத் தொடவேயில்லை. திரையில் இருந்த இரண்டு எண்களைப் பார்த்தார். ஒன்று மேலே போகும் சக்தி, மற்றது ஆன்டெனா ஏற்க மறுத்துத் திரும்பி வரும் சக்தி. “ரிஃப்ளெக்ட்டட் ஏறி நிக்குது சார். பெட்டிமேல தப்பில்ல, மேல ஏறிப் பாக்கணும்” என்றார்.

அவரோடு வந்த பையன் டவரில் ஏறி, ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்து கனெக்டரைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தான். டேப்பைப் பிளேடால் கீறிப் பிரித்தபோது உள்ளிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நடு ஊசி கறுத்திருந்தது. அதைச் சுற்றிய செம்பு வலை, புளி போட்டுத் தேய்க்காத பழைய குடத்தின் அடியைப் போலப் பச்சைக் களிம்பு பிடித்துக் கையில் உதிர்ந்தது. கேபிளைத் தோலுரித்தார். ஒரு முழம் தாண்டியும் பச்சை. இரண்டு முழம் வெட்டி எறிந்த பிறகுதான் செம்பு செம்பின் நிறத்தில் தெரிந்தது. “தண்ணி ஒரு தடவ பூந்துதுன்னா கேபிள் திரி மாதிரி உறிஞ்சிக்கும் சார்” என்றார். புது கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். கூரை ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும், அப்போதுதான் மழைநீர் வழிந்துவிடும். கேபிளைக் கட்டடத்துக்குள் நுழைக்கும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டார், தண்ணீர் அங்கேயே சொட்டிப்போக. மதியத்துக்குள் நிலையம் பேசியது. செலவு, ஒரு பெட்டியின் விலையில் ஒரு துளி.

அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் எல்லா நிலையத்திலும் தேடிப் பார்க்கிறேன். அதைக் குறித்துவைக்கும் விகிதத்துக்கு வி.எஸ்.டபிள்யூ.ஆர். என்று பெயர். விகிதம் ஒன்றரை என்றால் அனுப்பியதில் நூற்றுக்கு 4 பங்கு திரும்பி வருகிறது, 50 வாட்டில் 2 வாட். அது பொறுக்கத்தக்கது. விகிதம் 3 ஆனால் கால் பங்கு திரும்பும். அப்போது பெட்டி பயந்து சக்தியைக் குறைக்கும். சக்தி கால் பங்காகும்போது அலையின் வலிமை பாதியாகிறது. பக்கத்துத் தெருவுக்கு இந்த வித்தியாசம் காதில் விழாது. 12 கிலோமீட்டரில் இருப்பவனுக்கு வானொலியே இல்லாமல் போகும். “கரகரங்குது” என்று போன் செய்த ஓரத்துக் கிராமத்துக்காரர்தான் அந்த நிலையத்தின் மிகத் துல்லியமான அளவுமானி. அவர் சொல்வதை நம்பியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த எதிரி கரண்ட். நெய்வேலி எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. அங்கே 1962-ல் முதல் மின் உற்பத்தி அலகு ஓடத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை வெட்டித் தென்மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊர். ஆனால் டிரான்ஸ்மிட்டருக்கு வரும் மின்சாரத்தின் தரத்தைக் கடைசிக் கம்பம்தான் முடிவு செய்கிறது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அதைத் தாங்கும்படிதான் இப்போதைய பெட்டிகளின் பவர் சப்ளை இருக்கிறது. தாங்காதது, போன கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியின் துள்ளல். அனுபவசாலிகள் கரண்ட் போனவுடன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுகிறார்கள். இதற்குக் காசு வேண்டாம், பழக்கம் போதும்.

சூடும் தூசியும் மெதுவாகக் கொல்லும். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் கணக்கு. கரும்பு லாரி ஓடும் சாலையோர நிலையத்தில் மூன்றே மாதத்தில் விசிறியின் வலை பஞ்சுபோல அடைத்துக்கொள்ளும். உள்ளே 10 டிகிரி ஏற அது போதும். ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் பத்து நிமிடமும் இருந்தால் பெட்டியின் ஆயுளில் சில ஆண்டுகளைத் திருப்பி வாங்கிவிடலாம். இதமான சூட்டைத் தேடி உள்ளே போகும் பல்லியையும் சொல்ல வேண்டும். விசிறி வாய்க்கு ஒரு கொசுவலை அடித்தால் பல்லியும் பிழைக்கும், பவர் சப்ளையும் பிழைக்கும்.

இடி வேறு. அது ஒரே அடியில் முடித்துவிடும். கொல்லையில் தனித்து நிற்கும் பனைமரத்துக்கும் 30 மீட்டர் டவருக்கும் வானம் வித்தியாசம் பார்ப்பதில்லை. விழும் மின்சாரம் பெட்டிக்குள் புகாமல் மண்ணுக்குள் போக வழி இருக்க வேண்டும். அதற்குத்தான் டவரடியில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்குகிறார்கள். பெட்டி வந்த நாளில் போட்ட எர்த் பங்குனி, சித்திரையில் காய்ந்து பாளமாகிக் கிடக்கும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. கோடை இடி சித்திரையில்தான் வருகிறது. வாரம் ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி ஒட்டிவைத்த ஒரு நிலையத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே பெட்டி வாங்கிய நாளிலிருந்து இடியால் நின்றதில்லை.

நூற்றுக்கு 99 என்றால் பரீட்சையில் நல்ல மதிப்பெண். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 99 சதவீதம் ஓடுகிறது என்றால் மீதி 87 மணி நேரத்துக்கும் மேல் ஊமை. ஏறக்குறைய மூன்றரை நாள். அந்த மூன்றரை நாள் சும்மா ஒரு வைகாசி மாதத்தில் சிதறி வந்தால் பரவாயில்லை. அது ஒன்றாகச் சேர்ந்து வருவது எப்போதும் புயலோடுதான். காற்றும் மழையும் இடியும் மின்தடையும் ஒரே இரவில் வருகின்றன. 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் வரிசையாக மடிந்து கிடந்தன, வாரக்கணக்கில் இருட்டு. பெரிய நிலையங்களில் ஒன்று நின்றால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும்படி இரண்டு டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பார்கள். சின்ன நிலையத்தில் ஒரே பெட்டி. அது பழுதானால் புனேவுக்கோ கொல்கத்தாவுக்கோ பார்சல் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது. மீனவர்களுக்கான நிலையம். காற்று எப்படி, கடல் எப்படி என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெட்டி நிற்பது வெறும் தொழில்நுட்பக் கோளாறு ஆகாது. அன்றைக்குக் கடலுக்குப் போனவன் ஒரு தகவல் இல்லாமல் போயிருக்கிறான் என்று பொருள்.

அதனால் நிதி கொடுப்பவர்களிடம் என் கோரிக்கை இது. திறப்பு விழா அன்று புதுப் பெட்டிக்கு மாலை போடுகிறீர்கள், மகிழ்ச்சி. அதே அறிக்கையில் இன்னும் மூன்று வரி சேர்த்துவிடுங்கள்: மாவட்டத்துக்கு ஒரு மாற்றுப் பெட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை டவர் ஏறுகிறவருக்குக் கூலி, உள்ளூர் ஐ.டி.ஐ. பிள்ளைகள் இருவருக்கு இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பயிற்சி. 2023 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் நாடு முழுக்க 91 எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களை, ஒவ்வொன்றும் 100 வாட், அகில இந்திய வானொலிக்காகத் தொடங்கிவைத்தார்கள். சின்னப் பெட்டிகளின் காலம் போகவில்லை, பெருகுகிறது. அவற்றைத் தொடத் தெரிந்த கைகளும் அந்தந்த ஊரிலேயே பெருக வேண்டும்.

நிலையம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கனெக்டரைக் கழற்றிப் பார்த்துப் புது டேப் சுற்றுங்கள், எர்த் குழிக்குத் தண்ணீர் விடுங்கள், விசிறியைத் துடையுங்கள், மாற்றுப் பெட்டி இருந்தால் ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடோ மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் மாட்டாமல் ஆன் செய்துவிடாதீர்கள். அன்று மாலை, உங்கள் வட்டத்தின் கடைசிக் கிராமத்தில் இருக்கும் யாருக்காவது போன் போட்டு, “கேக்குதுங்களா?” என்று கேளுங்கள்.